நாற்காலியிலிருந்து எழுந்திருங்கள், அத்தை!

எங்கள் அத்தைக்கு (என் மாமியாரைத்தான் சொல்கிறேன்) குடலில் ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்த அன்று, கூடத்தில் ஜன்னலோரமாகக் கட்டிலை இழுத்துப் போட்டேன். தலைமாட்டில் வெந்நீர் பிளாஸ்க்கும், கைக்கெட்டும் தூரத்தில் பூஜை மணி ஒன்றும் வைத்தேன். "எது வேணும்னாலும் மணி அடிங்க அத்தை. நீங்க எழுந்திருக்கவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். "மருமகள்னா இப்படியில்ல இருக்கணும்!" என்று எதிர்வீட்டு அம்மாள் சொன்னதைக் கேட்டு எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. அந்தக் கட்டிலும் அத்தையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது என்பது எனக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று.

இது நடந்தது 2022ல். அத்தைக்கு அப்போது வயது 64. பெருங்குடலில் புற்றுநோய். கட்டியை எடுத்தாகிவிட்டது, ஆனாலும் மிச்சம் மீதி இருக்கக் கூடாது என்று கீமோதெரபி ஆரம்பித்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் வழியாக ஒரு மருந்து, அதையடுத்து இரண்டு வாரம் வீட்டில் மாத்திரை. இப்படி எட்டுத் தவணை. இதில் வேடிக்கை என்னவென்றால், ஆபரேஷன் ஆன மறுநாளே ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் அத்தையைக் கைத்தாங்கலாக எழுப்பி வராந்தாவில் நடக்க வைத்தார்கள். "என்ன ஈவு இரக்கமில்லாத பெண்கள்!" என்று நான் மனசுக்குள் திட்டினேன். அவர்கள் நடத்திக்காட்டிய பாடத்தை வீட்டு வாசல்படியில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தவள் நான்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வந்து இருபத்திரண்டு வருஷத்தில் அந்த அடுப்படி ஒரு நாள்கூட என்னுடையதாக இருந்ததில்லை. காய் நறுக்குவேன், பாத்திரம் ஒழிப்பேன், தேங்காய் துருவுவேன். தாளிப்பது மட்டும் அத்தை கைதான். பருப்பு உருண்டைக் குழம்பு எனக்கு வராது என்று அவரே தீர்மானம் பண்ணி, என்னை முயற்சிகூடச் செய்ய விடவில்லை. அவர் படுத்ததும் அடுப்படி முழுக்க என் கைக்கு வந்தது. டப்பாக்களை எல்லாம் என் இஷ்டப்படி மாற்றி அடுக்கினேன். "உங்களுக்கு ஏன் அத்தை சிரமம்" என்று நான் சொன்னதில் பாசம் நிஜமாகவே இருந்தது. ஆனால் அது மட்டும்தான் இருந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அத்தை இளைத்துக்கொண்டே வந்தார். 58 கிலோ இருந்தவர் மூன்றாவது தவணை முடிந்தபோது 51. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. "கேன்சர்னா அப்படித்தான்" என்றார்கள் வந்தவர்கள். நான் இன்னும் அதிகமாக ஊட்டினேன். சத்துமாவுக் கஞ்சி, ராகிக் கூழ், ஜவ்வரிசிக் கஞ்சி, பழரசம் என்று இரண்டு மணிக்கொரு தரம். பாதி உள்ளே போகும், பாதி திரும்பி வரும்.

ஒரு நாள் காலை கொல்லைப்பக்கத்திலிருந்து மெல்லிய குரலில் என்னைக் கூப்பிட்டார். ஓடினேன். கழிப்பறையில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. தண்ணீர்க் குழாயை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கால்கள் வெடவெடவென்று நடுங்க, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். நான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். "உன்கிட்ட இப்படி நிக்கிறதுக்கு நான் போயிருக்கலாம்மா" என்றார். நாற்பது வருஷம் அந்த வீட்டை ஆண்டவர்.

எனக்கு அந்த நிமிஷம் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

என் அப்பா 2006ல் இரைப்பைப் புற்றுநோயில் போனார். கண்டுபிடித்தபோதே முற்றிப்போயிருந்தது. கடைசி நாலு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். கன்னமும் நெற்றிப் பொட்டும் குழிவிழுந்து, தோள்பட்டை எலும்பு சட்டை ஹாங்கர் மாதிரி தெரிந்தது. அம்மா என்னென்னவோ செய்து பார்த்தாள். ஆட்டுக்கால் சூப், முட்டை, பாதாம் அரைத்த பால். எதையும் இரண்டு வாய்க்கு மேல் அவரால் வாங்க முடியவில்லை. ஒரு நாள் ஆற்றாமையில் அம்மா, "உங்களுக்காகப் பொழுது விடிஞ்சா அடுப்புல வேகறேன், ஒரு வாய் சாப்பிட்டா என்ன?" என்று கஞ்சிக் கிண்ணத்தை நங்கென்று வைத்துவிட்டாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதற்குப் பத்தாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. துக்கத்துக்கு வந்த இடத்தில் யாரோ ஒரு உறவுக்காரப் பெண்மணி, "வேளாவேளைக்கு ஆகாரம் போயிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பார்" என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டுப் போனாள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ வருஷமாக, பேச்சுக்குப் பேச்சு இல்லாவிட்டாலும், அது உள்ளேயே கிடந்தது.

அத்தையின் நாலாவது தவணைக்குப் போனபோது, உடம்பில் தெம்பு போதாது என்று டாக்டர் மருந்தை ஒரு வாரம் தள்ளிவைத்தார். "வீட்டில் என்னம்மா வேலை செய்யறாங்க?" என்று கேட்டார். நான் பெருமையாக, "ஒரு துரும்பைக்கூட நகர்த்த விடறதில்லை டாக்டர்" என்றேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அதுவும் ஒரு காரணம்" என்றார்.

அன்று அவர் சொன்னதையும், பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் என் பாஷையில் சொல்கிறேன்.

நம் உடம்பின் தசை ஒரு தடவை கட்டி முடித்த சுவர் இல்லை. தினமும் ஒரு பக்கம் இடிந்துகொண்டும், இன்னொரு பக்கம் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. நடப்பது, எழுந்திருப்பது, தூக்குவது இவையெல்லாம் 'கட்டு, கட்டு' என்று கொத்தனாருக்குப் போகிற கட்டளை. படுத்துவிட்டால் கட்டளை நின்றுபோகிறது, இடிப்பது மட்டும் நடக்கிறது. 2007ல் அமெரிக்காவில் நோய்நொடி இல்லாத முதியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்களாம். பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. ஆரோக்கியமாக இருந்தவர்களுக்கே இந்தக் கதி!

புற்றுநோய் வந்த உடம்பில் இதற்கு மேல் இன்னொரு சங்கடம். கட்டியும் அதை எதிர்த்துப் போராடுகிற உடம்பும் சேர்ந்து சில ரசாயனங்களை ரத்தத்தில் விடுகின்றன. உடம்பு முழுக்க ஒரு கனல் மாதிரி அழற்சி பரவுகிறது. பசி மந்தித்துப் போகிறது, தசையை இடிக்கிற வேலை வேகம் பிடிக்கிறது. சாதாரணமாக ஒருவர் பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பை முதலில் செலவழித்துத் தசையைக் கூடியவரை காப்பாற்றும். இங்கே அந்தச் சிக்கனமெல்லாம் கிடையாது. அடுப்பெரிக்க விறகு இருக்கும்போதே கூரை விட்டத்தையும் பிடுங்கிப் போடுகிற கதைதான். இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் 'கேச்செக்ஸியா'. 2011ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தார்கள். ஆறு மாதத்தில் எடை நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் தானாகக் குறைந்தால் எச்சரிக்கை என்பது அதில் ஒன்று. அதில் இன்னொரு வரியும் உண்டு. வழக்கமான ஊட்டத்தால் மட்டும் இதை முழுசாகத் திருப்பிவிட முடியாது என்பது.

இதைக் கேட்டதும் எனக்கு டாக்டரின் மேஜை, சுவர்க் கடிகாரம் எல்லாம் மறைந்து, அம்மா நங்கென்று வைத்த கஞ்சிக் கிண்ணம்தான் கண் முன்னே நின்றது.

"அப்படின்னா அத்தைக்கும் அதேதானா டாக்டர்?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். அத்தைக்குக் கட்டியை எடுத்தாகிவிட்டது, நோய் வேறெங்கும் பரவவில்லை. ஆபரேஷனும், மருந்தால் வரும் குமட்டலும், சாப்பாட்டில் புரதம் போதாததும், படுக்கையும் சேர்ந்து செய்த வேலை இது. இதைத் திருப்பலாம் என்றார். தசை குறைந்தவர்களுக்குக் கீமோவின் பக்கவிளைவும் அதிகமாக இருக்கும், அதனால்தான் அவசரம் என்றார். கட்டியைப் பார்க்க எடுத்த ஸ்கேனிலேயே இடுப்புக்கு மேலே ஒரு முதுகெலும்பு மட்டத்தில் தசை எவ்வளவு இருக்கிறது என்று அளக்க முடியுமாம். பருமனாக இருப்பவர்களுக்கும் கொழுப்புக்குள்ளே தசை ஒளிந்து கரைந்துபோயிருக்கும். 'சதை போட்டுத்தானே இருக்கிறாள்' என்று ஏமாந்துவிடக் கூடாது.

பிஸியோதெரபி செய்கிற பெண்ணிடம் எங்களை அனுப்பினார்கள். என் மகளைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு அத்தையை உட்கார வைத்தாள். "பாட்டி, கையை மார்பில கட்டிக்குங்க. ஊன்றாம எழுந்து உட்காருங்க. அரை நிமிஷத்துல எத்தனை தடவை முடியுதுன்னு பார்க்கலாம்." அத்தை வயசுப் பெண்கள் பன்னிரண்டு தடவையாவது செய்ய வேண்டுமாம். அத்தை மூன்று செய்தார். மூன்றாவதில் தடாலென்று உட்கார்ந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் இருந்தது. எனக்கு அந்தக் கோபத்தைப் பார்க்க நிம்மதியாகக்கூட இருந்தது.

வீட்டில் கட்டிலைப் பகலில் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டோம். மணியைப் பூஜையறைக்கே திருப்பி அனுப்பினேன். நாற்காலியில் கெட்டியான தலையணை ஒன்றைப் போட்டு உயர்த்திக்கொண்டால் எழுந்திருப்பது சுலபம் என்று அந்தப் பெண் யுக்தி சொல்லியிருந்தாள். முதலில் கையை ஊன்றியே ஐந்து தடவை, காலை, மதியம், சாயங்காலம். பிறகு கையை எடுத்துவிட்டு. பிறகு தலையணையையும் எடுத்துவிட்டு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது ஒன்று. சுவரில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து முன்னே சாய்ந்து தள்ளுவது ஒன்று. கைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒவ்வொன்று. திண்ணையிலிருந்து கொல்லைக் கிணற்றடி வரை நடை. பேசிக்கொண்டே நடக்கிற வேகம் போதும், மூச்சு வாங்கக் கூடாது என்று கணக்கு. அத்தை என்னைத் திட்டிக்கொண்டே நடந்ததால் வேகம் சரியாக இருந்தது!

மருந்து ஏறின முதல் நாலைந்து நாள் இதெல்லாம் ஒன்றும் நடக்காது. உட்கார்ந்து சாப்பிட்டால் போதும், குளியலறை வரை நடந்தால் போதும் என்று விட்டுவிடுவோம். ஐந்தாம் நாள் மறுபடி நாற்காலி. அத்தைக்குக் கொடுத்த மருந்தில் ஒரு விசித்திரம், குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் கரண்ட் அடிப்பது போல் சுரீரென்று இழுக்கும். பாதத்தில் மரமரப்பு. அதனால் நடக்கும்போது காலில் பொருத்தமான செருப்பு, பக்கத்தில் ஓர் ஆள், ஈரத் தரையில் கால் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டோம்.

சாப்பாட்டையும் மாற்றினோம். நான் வடித்துக் கொட்டிய கஞ்சிகளில் மாவுதான் அதிகம், தசை கட்டுவதற்கான சரக்கு சொற்பம். புற்றுநோய்க்காரர்களுக்கு ஒரு கிலோ எடைக்குக் குறைந்தது ஒரு கிராம், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள். அத்தையின் 51 கிலோவுக்கு 51லிருந்து 76 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான், பார்த்துக்கொள்ளுங்கள். முட்டை, தயிர், பயறு, மீன், சுண்டல் என்று சிறுகச் சிறுக ஆறு வேளையாகப் பிரித்தேன். மூத்திரக்காய் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்தக் கணக்கை டாக்டரைக் கேட்காமல் கையாளக் கூடாது.

பார்க்க வந்தவர்கள் இப்போது முகம் சுளித்தார்கள். "கீமோ போட்ட உடம்பை இப்படியா வருத்துவா?" என்று எதிர்வீட்டு அம்மாள் என் காதுபடவே சொன்னாள். போன மாதம் என்னை மெச்சிய அதே வாய்! நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. அசதியாக இருக்கிறவரை நடக்கச் சொல்வது எனக்கே முதலில் கொடுமையாகத்தான் பட்டது. ஆனால் 2019ல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து, வாரத்துக்கு மூன்று நாள் அரை மணி நடை போன்ற பயிற்சியும் இரண்டு நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சியும் செய்தால் புற்றுநோய் அசதி குறைகிறது என்று எழுதியிருக்கிறார்கள். இந்த அசதி மற்ற அசதி மாதிரி தூங்கினால் போகிற ஜாதியில்லை.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட சகோதரிகளிடம், 'அந்தக் கையால் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்காதே, வீங்கிவிடும்' என்று சொல்வது ரொம்ப நாள் வழக்கம். அமெரிக்காவில் ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களில் பாதிப் பேருக்கு மெல்ல மெல்ல எடை தூக்கப் பழக்கிப் பார்த்து 2009ல் முடிவை வெளியிட்டார்கள். வீக்கம் அதிகமாகவில்லை, கையில் பலம் ஏறியது. மேற்பார்வையோடு, சிறு எடையில் ஆரம்பித்து என்பதை மறந்துவிடாதீர்கள்.

யாரையும் கேட்காமல் இறங்குகிற காரியமும் இல்லை இது. எலும்பில் நோய் பரவியிருந்தால் தப்பான அசைவில் எலும்பு முறியலாம். ஜுரம், ரத்தத்தில் தட்டணுக்கள் குறைவு, தலைசுற்றல், நெஞ்சு வலி இருக்கிற நாளில் செய்யக் கூடாது. வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள் காயம் நன்றாக ஆறும்வரை கனம் தூக்கினால் குடலிறக்கம் வந்துவிடும். டாக்டரிடம் "என்ன சாப்பிடலாம்?" என்று கேட்கிற நாம், "என்ன பயிற்சி செய்யலாம்?" என்று கேட்பதே இல்லை.

ஐந்தாவது தவணைக்கும் ஆறாவதுக்கும் நடுவில் ஒரு சாயங்காலம். நான் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து கரண்டியைப் பிடுங்கியது. "கடுகு வெடிக்கறதுக்குள்ள வெந்தயத்தைப் போடற. இதையா இத்தனை நாளா எனக்குக் குடுத்துக்கிட்டிருந்த?" அத்தை நின்றுகொண்டிருந்தார், எதையும் பிடித்துக்கொள்ளாமல். டப்பாக்களைப் பார்த்துவிட்டு, "பருப்பு டப்பா எங்கே போச்சு?" என்று ஒரு சத்தம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கொஞ்சம் எரிச்சலும் வந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? மறுநாளே டப்பாக்கள் பழைய வரிசைக்குப் போய்விட்டன.

எட்டுத் தவணையும் முடிந்தபோது அத்தை 54 கிலோ. நாற்காலிக் கணக்கு பதினொன்று. பாதத்து மரமரப்பு இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போகிறோம். இதுவரை நல்ல செய்திதான். 2025ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றி டாக்டர் சொன்னார். பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும், அத்தையைப் போலக் குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மூன்று வருஷம் பயிற்சி ஆலோசகரின் துணை, மற்றதற்கு அறிவுரைப் புத்தகம் மட்டும். எட்டு வருஷக் கணக்கில் பயிற்சிப் பிரிவில் நூற்றுக்கு 90 பேர், மற்றதில் 83 பேர் உயிரோடிருந்தார்கள். மாத்திரை ஒன்று இவ்வளவு செய்தால் அதற்கு என்ன விலை வைப்பார்களோ!

ஆனால் என் அப்பா இருந்த நிலைக்கு இதே மந்திரம் பலித்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நுரையீரல், கணையப் புற்றுநோய் முற்றியவர்களுக்குப் பயிற்சி, ஊட்டம், அழற்சிக்கு மருந்து மூன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து 2024ல் முடிவைச் சொன்னார்கள். எடை ஓரளவு நின்றது, தசையில் வித்தியாசம் காணவில்லை. ஜப்பானில் 2021ல் இதற்கென்று ஒரு மாத்திரைக்கு அனுமதி கொடுத்தார்கள். அதுவும் பசியையும் எடையையும் கொஞ்சம் கூட்டுகிறது, அவ்வளவுதான். அப்பாவைக் கொஞ்சம் நடக்க விட்டிருந்தால், கடைசி நாட்களில் தானே எழுந்து கொல்லைக்குப் போயிருப்பாரோ என்னவோ. அந்த ஒரு கௌரவமாவது மிஞ்சியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அம்மா போன தீபாவளிக்கு வந்திருந்தாள். ராத்திரி பாத்திரம் ஒழித்துக்கொண்டிருக்கும்போது, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த நோயில் உடம்பே தன்னைத் தின்றுகொள்கிறது, ஊட்டுகிறவர் கையில் குற்றம் இல்லை, உலகத்திலுள்ள பெரிய டாக்டர்களே ஆகாரத்தால் மட்டும் அதைத் திருப்ப முடியாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அம்மா கையிலிருந்த டம்ளரைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்த்த இடத்தையே தேய்த்தாள்.

"அப்போ அவருக்கு நான் பண்ணின கஞ்சி பிடிக்காமப் போகலையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"கிண்ணத்தை நங்குன்னு வெச்சேனே."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா."

அம்மா டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது அத்தையின் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அத்தை நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏழு. எட்டு. சம்பந்தியம்மா, கையை ஊன்றிட்டீங்க. எட்டு கணக்கில சேராது. மறுபடி எழுந்திரிங்க."